ஆறாம் வகுப்போடு மூடப்படும் கதவு

"அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பெதற்கு?" இந்தக் கேள்வியைக் கேட்டு வளர்ந்த பாட்டிமார்கள் தமிழ்நாட்டில் இன்றும் பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய பேத்திகள் பொறியியல் படிக்கிறார்கள், மருத்துவம் படிக்கிறார்கள், போட்டித் தேர்வு எழுதுகிறார்கள். அந்தக் கேள்வியை இன்று மேடையேறிக் கேட்க யாருக்கும் அவ்வளவு எளிதில் துணிச்சல் வராது. ஆனால் அதே கேள்வி உலகத்தில் ஒரு நாட்டில் அரசாங்க உத்தரவாகவே நடைமுறையில் இருக்கிறது. அந்த நாடு ஆப்கானிஸ்தான்.

உலகம் முழுவதும் 12 கோடிக்கும் மேற்பட்ட சிறுமிகளும் இளம்பெண்களும் பள்ளிக்கு வெளியே இருக்கிறார்கள் என்கிறது யுனெஸ்கோ. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். வறுமை, போர், பள்ளியின் தூரம், குழந்தைத் திருமணம், வீட்டு வேலை, கழிப்பறை இல்லாத பள்ளிக்கூடம் என்று இதற்குக் காரணங்கள் பல. இவை ஏதோ ஓர் அளவில் பல நாடுகளில் இருப்பவைதான். ஆனால் பெண் என்ற ஒரே காரணத்துக்காக, ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கு வரக் கூடாது என்று அரசே தடுக்கும் நாடு இன்றைய உலகில் ஆப்கானிஸ்தான் ஒன்றுதான்.

"அது அவர்கள் பண்பாடு. அங்கே மக்களே அப்படித்தான். நாம் என்ன செய்ய முடியும்?" என்று சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறவர்கள் நிறையப் பேர். கேட்பதற்கு நியாயமாகத்தான் தெரியும். உண்மை அப்படித்தானா என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் வேறு கதை தெரிய வருகிறது.

சில மணி நேரமே திறந்த பள்ளி

2021 ஆகஸ்ட் 15 அன்று தாலிபான்கள் காபூல் நகரைக் கைப்பற்றினார்கள். ஒரு மாதம் கழித்து உயர்நிலைப் பள்ளிகள் திறக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. ஆண் ஆசிரியர்களும் ஆண் மாணவர்களும் வர வேண்டும் என்று அதில் இருந்தது. பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லை! வரலாம் என்றும் சொல்லவில்லை, வரக் கூடாது என்றும் சொல்லவில்லை. அந்த மௌனமே தடையாகிவிட்டது.

அடுத்த கல்வியாண்டில் பெண்களுக்கும் பள்ளி திறக்கும் என்று தாலிபானின் கல்வி அமைச்சகம் வாக்குக் கொடுத்தது. அந்த நாளும் வந்தது. 2022 மார்ச் 23. பல மாதங்களாக மூலையில் கிடந்த புத்தகப் பையை எடுத்துக் கொண்டு, சீருடை அணிந்து, தலையில் முக்காடிட்டு மாணவிகள் வந்தார்கள். சிலர் வகுப்பறையில் உட்கார்ந்தும் விட்டார்கள். சில மணி நேரத்தில் உத்தரவு மாறியது. ஷரியத்துக்கும் ஆப்கன் பண்பாட்டுக்கும் ஏற்றபடி ஒரு திட்டம் தயாராக வேண்டுமாம், சீருடை பற்றி முடிவெடுக்க வேண்டுமாம், அதுவரை வீட்டுக்குப் போக வேண்டுமாம். பள்ளி வாசலில் அழுதுகொண்டே திரும்பிய சிறுமிகளை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது.

அந்த "அதுவரை" இன்னும் முடியவில்லை. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவும் பெண்களுக்கு மூடப்பட்டது. மிச்சம் இருந்தது செவிலியர் படிப்பும் பிரசவம் பார்க்கும் படிப்பும்தான். 2024 டிசம்பரில் அவையும் நிறுத்தப்பட்டன. தொடக்கப் பள்ளிக்கு மேல் படிக்க முடியாமல் போன சிறுமிகளின் எண்ணிக்கை 22 லட்சத்தைத் தொட்டுவிட்டதாக யுனிசெஃப் 2025 மார்ச்சில் கூறியது. ஒவ்வொரு கல்வியாண்டும் இந்தக் கணக்கு ஏறிக்கொண்டே போகிறது.

ஆறாம் வகுப்பு வரை படிக்கலாம் என்பதால், சில சிறுமிகள் வேண்டுமென்றே தேர்வில் தோற்று ஆறாம் வகுப்பிலேயே மீண்டும் உட்கார்ந்தார்கள் என்று செய்திகள் வந்தன. பாஸ் ஆனால் படிப்பு போய்விடும், ஃபெயில் ஆனால் இன்னும் ஒரு வருடம் பள்ளிக்குப் போகலாம்! படிப்பதற்காகவே தோற்கும் பிள்ளைகளை வேறெங்கே பார்க்க முடியும்?

நூறு வருடத்துக்கு முன்பே திறந்த கதவு

ஆப்கானிஸ்தானில் பெண் கல்வி என்பது 2001-ல் அமெரிக்கப் படைகளோடு விமானத்தில் வந்து இறங்கியது என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. 1919-ல் ஆட்சிக்கு வந்த மன்னர் அமானுல்லா கானும் அவருடைய மனைவி ராணி சொராயாவும் பெண்களுக்கான முதல் பள்ளியைக் காபூலில் 1921-லேயே தொடங்கிவிட்டார்கள். 1928-ல் மேல்படிப்புக்காக ஆப்கன் மாணவிகள் துருக்கிக்கு அனுப்பப்பட்டார்கள்.

இந்த இடத்தில் இன்னொரு தேதியையும் நினைவில் வைத்துக் கொள்வது நல்லது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் கொடுக்க ஆரம்பித்தது 1920-ல். கேம்பிரிட்ஜ் முழு உறுப்பினராகப் பெண்களை ஏற்றுப் பட்டம் கொடுத்தது 1948-ல்! அதற்கு முன்பு பெண்கள் அங்கே பாடம் கேட்கலாம், தேர்வு எழுதலாம், பட்டம் மட்டும் கிடையாது. "முன்னேறிய மேற்கு, பின்தங்கிய கிழக்கு" என்று பிறந்ததிலிருந்தே எழுதி வைத்த விதி எதுவும் இல்லை என்பதற்கு இந்தத் தேதிகளே சாட்சி.

1929-ல் அமானுல்லா ஆட்சியை இழந்தார். பெண்கள் பள்ளி மூடப்பட்டது, துருக்கி போன மாணவிகள் திரும்ப அழைக்கப்பட்டார்கள். பிறகு வந்த மன்னர்கள் காலத்தில் மெல்ல மெல்லக் கதவு திரும்பவும் திறந்தது. 1960-களில் காபூல் பல்கலைக்கழகத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்தார்கள். 1964-ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் பெண்களுக்கு வாக்குரிமையை உறுதி செய்தது. இதெல்லாம் பெரும்பாலும் நகரங்களோடு நின்றுவிட்டது, மலைக் கிராமங்களுக்குப் போய்ச் சேரவில்லை என்பதும் உண்மை. பிறகு 1979-ல் சோவியத் படையெடுப்பு, உள்நாட்டுப் போர். 1996 செப்டம்பரில் தாலிபான் முதல் முறையாகக் காபூலைப் பிடித்தபோது பெண்கள் பள்ளிகள் மொத்தமாக மூடப்பட்டன.

மூடிய பிறகும் மக்கள் சும்மா இருக்கவில்லை. ஹேரத் நகரில் தையல் வகுப்பு என்று பெயர்ப் பலகை மாட்டிவிட்டு உள்ளே இலக்கியம் சொல்லிக் கொடுத்தார்கள். சகீனா யாகூபி தொடங்கிய ஆப்கன் கல்வி நிறுவனம் வீடுகளுக்குள்ளேயே ரகசியப் பள்ளிகளை நடத்தியது. ஷபானா பாஸிஜ் ராசிக் என்ற சிறுமி ஆண் பிள்ளை வேடம் போட்டுக் கொண்டு ரகசியப் பள்ளிக்குப் போய் வந்தார். பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் அவருடைய பெற்றோர் அனுப்பி வைத்தார்கள்.

மக்களே பெண் கல்வியை வெறுப்பவர்கள் என்றால், உயிரைப் பணயம் வைத்துப் பெண்ணைப் படிக்க அனுப்பிய இந்தப் பெற்றோர்கள் யார்?

இருபது வருடக் கணக்கு

2001-ல் தாலிபான் ஆட்சி விழுந்தது. அந்த வருடம் தொடக்கப் பள்ளியில் இருந்த சிறுமிகளின் எண்ணிக்கை கிட்டத்தட்ட பூஜ்யம். 2018-ல் அது 25 லட்சம் என்கிறது யுனெஸ்கோ. உயர்கல்வியில் இருந்த பெண்கள் 2001-ல் சுமார் 5,000 பேர். 2021-ல் சுமார் ஒரு லட்சம் பேர். பெண்களின் எழுத்தறிவு 17 சதவீதத்திலிருந்து 30 சதவீதமானது.

இந்த இருபது வருடங்களும் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. ஊழல் இருந்தது, போர் நடந்துகொண்டே இருந்தது, கட்டடமே இல்லாத பள்ளிகள் இருந்தன. 2018-ல் கூட 37 லட்சம் ஆப்கன் குழந்தைகள் பள்ளிக்கு வெளியே இருந்தார்கள். அவர்களில் 60 சதவீதம் பேர் சிறுமிகள். இருந்தும், பூஜ்யத்திலிருந்து 25 லட்சம் என்பது பெற்றோர் விரும்பாமல் நடந்திருக்குமா? எந்த அரசாங்கத்தாலும் 25 லட்சம் சிறுமிகளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து பெஞ்சில் உட்கார வைக்க முடியாது. கதவு திறந்தது, அவர்களே வந்தார்கள்.

வந்தவர்கள் கொடுத்த விலையும் கொஞ்சமல்ல. 2021 மே 8 அன்று காபூலின் தஷ்ட்-இ-பர்ச்சி பகுதியில் ஒரு பள்ளி வாசலில் குண்டுகள் வெடித்து 80-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் வீட்டுக்குக் கிளம்பிய மாணவிகள். ஹசாரா என்ற சிறுபான்மை இன மக்கள் அதிகம் வாழும் பகுதி அது. 2022 செப்டம்பர் 30 அன்று அதே பகுதியில், பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் மையத்தில் மீண்டும் தாக்குதல். 50-க்கும் மேற்பட்டோர் பலி. அதிலும் பெரும்பாலோர் மாணவிகளே. அந்தத் தாக்குதலில் ஒரு கண்ணை இழந்த மாணவி ஒருவர், காயம் ஆறுவதற்கு முன்பே நுழைவுத் தேர்வு எழுதி 85 சதவீதத்துக்கு மேல் மதிப்பெண் வாங்கினார். ஆனால் அவர் சேர விரும்பிய பல்கலைக்கழகம் சில வாரங்களில் பெண்களுக்கு மூடப்பட்டுவிட்டது. குண்டு வைத்தவர்களால் தடுக்க முடியாததை ஒரு கடிதத்தால் தடுத்துவிட்டார்கள்!

மதம் சொல்கிறதா?

தாலிபான்கள் எப்போதும் சொல்லும் காரணம் மதம். ஆனால் இஸ்லாமிய உலகமே அதை ஏற்கவில்லை. பல்கலைக்கழகத் தடை வந்தவுடன், சன்னி முஸ்லிம்களின் மிக மதிப்புக்குரிய கல்விபீடமான எகிப்தின் அல்-அஸ்ஹரின் தலைமை இமாம் அகமது அல்-தய்யிப், இது ஷரியத்துக்கே முரணானது என்று வெளிப்படையாகச் சொன்னார். சவூதி அரேபியா, துருக்கி, கத்தார் கண்டித்தன. இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பும் கண்டித்தது. மொராக்கோவின் ஃபெஸ் நகரில் உள்ள அல்-கராவிய்யின் கல்விக்கூடத்தை 859-ல் நிறுவியவர் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி என்ற பெண் என்பதுதான் அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு.

தாலிபானுக்குள்ளேயே கூட ஒரே குரல் இல்லை. துணை வெளியுறவு அமைச்சராக இருந்த அப்பாஸ் ஸ்தனிக்சாய், பெண்களுக்குக் கல்வியை மறுக்க எந்த நியாயமும் இல்லை என்று 2025 ஜனவரியில் பொதுக்கூட்டத்திலேயே பேசினார். பிறகு அவர் நாட்டை விட்டே வெளியேறினார் என்று செய்திகள் வந்தன. ஆக, தடை மதத்தின் முடிவும் அல்ல, மக்களின் முடிவும் அல்ல. காந்தஹாரில் இருக்கும் தாலிபான் தலைமையின் முடிவு. ஒரு சிலரின் முடிவுக்குப் "பண்பாடு" என்று பெயர் வைப்பது, அந்தப் பண்பாட்டில் பிறந்த கோடிக்கணக்கான மக்களை அவமதிப்பதே ஆகும்.

உதவித்தொகையும் சைக்கிளும்

இதே ஆசியாவில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இன்னொரு ஏழை நாடு வங்கதேசம். அங்கேயும் பெண்ணை உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் குறைவாகத்தான் இருந்தது. 1982-ல் ஒரு சிறு பகுதியில் சோதனையாகத் தொடங்கிய மாணவியர் உதவித்தொகைத் திட்டம், 1994-ல் கிராமப்புறங்கள் முழுவதும் விரிந்தது. நிபந்தனைகள் மூன்று. 75 சதவீத வருகை இருக்க வேண்டும். தேர்வில் 45 சதவீத மதிப்பெண் வாங்க வேண்டும். பள்ளி முடியும் வரை திருமணம் கூடாது. பணம் மாணவியின் பெயரிலேயே வங்கிக் கணக்கில் விழுந்தது. 1991-ல் 11 லட்சமாக இருந்த உயர்நிலைப் பள்ளி மாணவிகள் 2005-ல் 39 லட்சம் ஆனார்கள். அந்தப் பதினான்கு வருடங்களில் வங்கதேசத்தின் மதம் மாறவில்லை, மொழி மாறவில்லை. அரசாங்கத்தின் முடிவு மாறியது. அவ்வளவுதான்!

இந்தியாவில் பீகாரை எடுத்துக் கொள்ளலாம். எட்டாம் வகுப்போடு பெண்கள் நின்றுவிடுவது அங்கே சாதாரணம். "பீகாரிகளுக்குப் பெண்ணைப் படிக்க வைப்பதில் அக்கறை இல்லை" என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் உயர்நிலைப் பள்ளி பக்கத்து ஊரில் இருந்தது, நடந்து போக வேண்டும் என்பதுதான் பெரிய சிக்கல். 2006-ல் மாநில அரசு ஒன்பதாம் வகுப்பு சேரும் மாணவிகளுக்கு சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் கொடுத்தது. பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் பக்கத்து மாநிலமான ஜார்க்கண்டோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். மாணவிகள் சேர்க்கை சுமார் 32 சதவீதம் உயர்ந்திருந்தது. பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம். காலம்காலமாகப் "பண்பாடு" என்று சொல்லப்பட்டதில் ஒரு பெரிய பகுதி வெறும் 3 கிலோமீட்டர் தூரம்தான் என்று ஒரு சைக்கிள் நிரூபித்துவிட்டது.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1989-ல் தொடங்கிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டத்தில், எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணுக்குத் திருமண உதவியாக 5,000 ரூபாய் கொடுக்கப்பட்டது. கல்யாணத்துக்குப் பணம் வேண்டுமா, பெண்ணை எட்டாவது வரையாவது படிக்க வை என்பதுதான் அதன் உள்ளர்த்தம். 2022-ல் அதே பெயரில் அது புதுமைப் பெண் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய். கல்யாணத்துக்குக் கொடுத்த பணம் கல்லூரிக்குப் போகிற பணமாக மாற 33 வருடம் ஆகியிருக்கிறது. மெதுவான பயணம்தான். ஆனாலும் திசை சரி.

ஆப்பிரிக்காவின் சியரா லியோன் நாட்டில் 2015-ல் கர்ப்பமான மாணவிகள் பள்ளிக்கு வரக் கூடாது என்று தடை போட்டார்கள். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் நீதிமன்றம் 2019 டிசம்பரில் அது உரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. 2020 மார்ச்சில் தடை நீங்கியது. மனிதன் போட்ட தடையை மனிதனே எடுக்கவும் முடியும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

படிப்பு மட்டும் போதுமா?

பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் சமத்துவம் தானாக வந்துவிடுமா என்றால், வராது. அத்தனை லட்சம் மாணவிகளைப் பள்ளிக்குக் கொண்டு வந்த வங்கதேசத்தில், ஏறத்தாழ பாதிப் பெண்களுக்கு 18 வயதுக்கு முன்பே திருமணம் ஆகிவிடுகிறது. ஈரானில் பல்கலைக்கழக மாணவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பெண்கள். ஆனால் வேலைக்குப் போகும் பெண்கள் மிகக் குறைவு.

பணக்கார நாடுகளும் விதிவிலக்கல்ல. டோக்கியோ மருத்துவப் பல்கலைக்கழகம், பெண்கள் எண்ணிக்கை அதிகமாகிவிடக் கூடாது என்பதற்காகவே நுழைவுத் தேர்வில் மாணவிகளின் மதிப்பெண்ணை ரகசியமாகக் குறைத்து வந்தது 2018-ல் அம்பலமானது. பெண்கள் கல்யாணம், குழந்தை என்று வேலையை விட்டுப் போய்விடுவார்களாம்! விஷயம் வெளியே வந்து விதிகள் கண்காணிக்கப்பட்ட பிறகு, 2021-ல் ஜப்பான் மருத்துவக் கல்லூரிகளில் தேர்ச்சி விகிதத்தில் பெண்கள் ஆண்களை முந்திவிட்டார்கள். தாலிபான் கதவை எல்லோரும் பார்க்க மூடுகிறது. இவர்கள் யாருக்கும் தெரியாமல் மூடினார்கள். பாதிக்கப்பட்டது இரண்டு இடத்திலும் படிக்க வந்த பெண்தான்.

ஆகவே கல்வி என்பது சமத்துவத்தின் முடிவு அல்ல, தொடக்கம். ஆனால் அந்தத் தொடக்கம் இல்லாமல் மற்ற எதுவும் இல்லை. சம்பளத்தில் சமம், சொத்தில் சமம், திருமணத்தில் சம்மதம் என்று எதைக் கேட்பதற்கும் முதலில் அந்த உரிமை தனக்கு உண்டு என்று படித்துத் தெரிந்து கொள்ள வேண்டும். பெண்களை அடக்க நினைப்பவர்கள் முதலில் பள்ளிக்கூடத்தைப் பூட்டுவது ஏன் என்பதும் இதிலிருந்தே புரியும்.

தடையின் விலை யாருக்கு?

ஆப்கானிஸ்தானில் பல இடங்களில் பெண் நோயாளியைப் பெண் மருத்துவரே பார்க்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இருக்கிறது. அதே நாட்டில் புதிதாகப் பெண் மருத்துவரோ செவிலியரோ படித்து வெளிவர முடியாது. இருப்பவர்களுக்கு வயதாகிக் கொண்டிருக்கிறது. பிரசவத்தில் தாய் இறப்பது ஏற்கெனவே ஆசியாவிலேயே மிக அதிகமாக உள்ள நாடுகளில் ஒன்று அது. இன்னும் பத்து, பதினைந்து வருடம் கழித்துப் பிரசவ வலி எடுக்கும் பெண்ணுக்கு யார் வருவார்கள்? தடை போட்டவர்களின் மகளும் மருமகளும் கூட அந்த வரிசையில் இருப்பார்களே!

பெண்களுக்கு மட்டும் நஷ்டம் என்பதும் இல்லை. பல்கலைக்கழகத் தடை வந்தபோது பல ஆண் பேராசிரியர்கள் வேலையை ராஜினாமா செய்தார்கள். ஆண் மாணவர்கள் சிலர் தேர்வைப் புறக்கணித்து வெளியே வந்தார்கள். ஆசிரியைகள் நீக்கப்பட்டதால் பையன்களின் பள்ளிகளிலும் கற்பிக்க ஆளில்லை.

இதற்கு நடுவிலும் படிப்பு நடந்துகொண்டுதான் இருக்கிறது. காபூலில் 2021 மகளிர் தினத்தன்று தொடங்கிய ரேடியோ பேகம் வானொலியில் பள்ளிப் பாடங்களை நடத்தியது. 2025 பிப்ரவரியில் தாலிபான் அதை நிறுத்தி வைத்து, பிறகு அனுமதித்தது. ஆண் வேடத்தில் பள்ளிக்குப் போன அந்த ஷபானா வளர்ந்து, பெண்களுக்கான உறைவிடப் பள்ளி ஒன்றைக் காபூலில் தொடங்கியிருந்தார். 2021 ஆகஸ்டில் அவர் செய்த முதல் வேலை, மாணவிகளின் பதிவேடுகளை எல்லாம் தீயில் போட்டு எரித்தது. அவற்றை அழிக்க அல்ல, அவர்கள் குடும்பங்களைக் காப்பாற்ற. பிறகு மாணவிகளையும் ஆசிரியர்களையும் அழைத்துக் கொண்டு ருவாண்டா நாட்டுக்குப் போய்ப் பள்ளியை அங்கே தொடர்ந்தார். நாட்டுக்குள்ளேயே இருப்பவர்களுக்கு இணைய வகுப்புகள்தான் துணை. 2025 செப்டம்பர் இறுதியில் நாடு முழுவதும் இணையம் துண்டிக்கப்பட்டபோது இரண்டு நாட்கள் அதுவும் இல்லை.

உலகம் என்ன செய்கிறது?

2025 ஜூலை மாதத்தில் ஒரே வாரத்தில் இரண்டு செய்திகள் வந்தன. ஜூலை 3 அன்று ரஷ்யா தாலிபான் அரசை முறைப்படி அங்கீகரித்தது. அப்படிச் செய்த முதல் நாடு அதுதான். ஜூலை 8 அன்று சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் தாலிபான் தலைவர் ஹைபத்துல்லா அகுந்த்ஸாதாவுக்கும் தலைமை நீதிபதி அப்துல் ஹக்கீம் ஹக்கானிக்கும் எதிராகக் கைது வாரண்ட் பிறப்பித்தது. பெண்களையும் சிறுமிகளையும் பாலினத்தின் பெயரால் ஒடுக்கியது மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்பது குற்றச்சாட்டு. ஒரு கை குலுக்குகிறது, இன்னொரு கை விலங்கு நீட்டுகிறது. இந்த இரண்டில் எது ஜெயிக்கும் என்பதில்தான் அந்தச் சிறுமிகளின் எதிர்காலம் இருக்கிறது.

இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. 2025 அக்டோபரில் தாலிபான் வெளியுறவு அமைச்சர் அமீர் கான் முத்தகி புதுடில்லிக்கு வந்தார். அவருடைய முதல் பத்திரிகையாளர் சந்திப்பில் பெண் நிருபர் ஒருவர் கூட இல்லை! இந்தியத் தலைநகரில் இப்படியா என்று கடும் எதிர்ப்பு கிளம்பியது. அதில் தங்களுக்குத் தொடர்பில்லை என்றது இந்திய அரசு. இரண்டே நாளில் இன்னொரு சந்திப்புக்கு ஏற்பாடு ஆனது. பெண் நிருபர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து பெண் கல்வியைப் பற்றியே கேட்டார்கள். "மாற்றவே முடியாது" என்பவர்கள் இரண்டு நாளில் மாற்றிக் கொண்டார்கள். காரணம், அவர்களுக்கு அந்தச் சந்திப்பு தேவைப்பட்டது.

பாடம் இதுதான். தாலிபானுக்கு உலகத்திடம் வேண்டியவை பல உண்டு. அங்கீகாரம் வேண்டும், வியாபாரம் வேண்டும், தூதரகம் வேண்டும். பட்டினியில் இருக்கும் மக்களுக்கான உதவியை நிறுத்துவது தவறு. அது அதே சிறுமிகளைத்தான் தண்டிக்கும். ஆனால் அரசியல் மரியாதையை இலவசமாகக் கொடுக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. பேச்சுவார்த்தை மேசையில் உட்காரும் ஒவ்வொரு நாடும், ஏழாம் வகுப்பு எப்போது திறக்கும் என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். வெளியே வந்து படிக்க முடிந்த பெண்களுக்கு விசாவும் உதவித்தொகையும் கொடுக்க வேண்டும். இணைய வகுப்பில் படித்த படிப்பைப் பல்கலைக்கழகங்கள் ஏற்றுக் கொள்ள வேண்டும். இவை எதுவும் முடியாத காரியங்கள் அல்ல.

வங்கதேசத்தில் உதவித்தொகை கொடுத்தார்கள், வந்தார்கள். பீகாரில் சைக்கிள் கொடுத்தார்கள், வந்தார்கள். ஆப்கானிஸ்தானில் வெறும் கதவைத் திறந்தார்கள், குண்டு வெடிக்கும் என்று தெரிந்தும் வந்தார்கள். பெண் படிக்க வரவில்லை என்று எங்காவது கேள்விப்பட்டால், அவளிடமோ அவள் பண்பாட்டிடமோ காரணம் தேடுவதற்கு முன்பு, கதவு திறந்திருக்கிறதா, சாவி யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பதே சரியானது.

இந்த வருடமும் ஆப்கானிஸ்தானில் ஆறாம் வகுப்பில் சிறுமிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தேர்வை நினைத்துப் பயமில்லை. தேர்வில் பாஸ் ஆகிவிடுவோமோ என்றுதான் பயம்.